என்ன சாப்பிடும் என்று நான் கேட்கவில்லை

“ரேர் பீஸ் மேடம். வருஷத்துக்கு ஒண்ணு ரெண்டு வந்தாலே பெருசு.”

கொளத்தூரில் வண்ணமீன் கடைகள் வரிசையாக இருக்கும் தெருவில், ஒரு கடையின் உள்ளறையில், நீல விளக்குக்குக் கீழே நின்றுகொண்டு அந்தப் பையன் இதைச் சொன்னான். மூன்று ஆண்டுகளுக்கு முந்தைய ஜூன் மாதம். கல்லூரி திறக்க ஒரு வாரம் இருந்தது. அந்த ஆண்டுதான் வங்கிக் கடனில் என் பெயரில் ஒரு வீடு வாங்கியிருந்தேன். கூடத்தில் ஒரு கடல்நீர்த் தொட்டி வைத்திருந்தேன். கணவர் கேலி செய்தார். மகள் இரண்டு நாள் வேடிக்கை பார்த்துவிட்டுத் தன் அறைக்குப் போய்விட்டாள். வீட்டில் யாருக்கும் எந்தப் பயனும் இல்லாத ஒன்றைத் தன் சம்பளத்தில், தன் ஆசைக்காக மட்டும் ஒரு பெண் வாங்குவதற்கு எத்தனை ஆண்டுகள் பிடிக்கும் என்று உங்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை.

அவன் காட்டியது உள்ளங்கையில் அடங்கும் ஒரு மீன். பக்கவாட்டில் பார்த்தால் வட்டமான இலை. நேரே பார்த்தால் ஒரு கோடு. மஞ்சள் உடம்பில் மெல்லிய ஊதாக் கோடுகள், யாரோ நிதானமாக உட்கார்ந்து இழுத்தவைபோல. கண்ணின் குறுக்கே ஒரு கறுப்புப் பட்டை. கடைகளில் இதை மெலன் பட்டர்ஃப்ளை என்கிறார்கள். அறிவியல் பெயர் கீட்டோடான் டிரைஃபேசியேட்டஸ். வண்ணத்துப்பூச்சி மீன் குடும்பத்தின் ஏறத்தாழ 130 இனங்களில் ஒன்று.

‘பீஸ்’ என்ற சொல்லைக் கவனியுங்கள். தெருமுனையில் நின்று பெண்களைப் பார்த்துச் சொல்லப்படும் அதே சொல். பதினெட்டு வயதில், தூத்துக்குடி பேருந்து நிலையத்தில், அதை முதுகில் வாங்கிக்கொண்டு நடந்தவள் நான். கொளத்தூர்க் கடையில் அது எனக்கு உறைக்கவில்லை. வாங்குகிறவளின் இடத்தில் நிற்கும்போது சில சொற்கள் உறைப்பதில்லை.

நான் கேள்விகள் கேட்டேன். என்ன விலை, எவ்வளவு பெரிதாக வளரும், மற்ற மீன்களோடு சண்டை போடுமா, என் தொட்டி போதுமா. என்ன சாப்பிடும் என்று கேட்கவில்லை. அவனாகவே சொன்னான்: “புது இடம் இல்லையா மேடம், ரெண்டு மூணு நாள் சாப்பிடாது. அப்புறம் பழகிடும்.”

இந்தக் கட்டுரை அந்தக் கடைசிச் சொல்லைப் பற்றியது.

*

மூன்று நாள் அவன் சொன்னபடியே மீன் சாப்பிடவில்லை. நான்காம் நாள் ஆர்ட்டீமியா போட்டேன். ஐந்தாம் நாள் உறையவைத்த மைசிஸ். பிறகு இறாலை அரைத்துக் கல்லில் தடவி வைத்தேன். சந்தையில் மட்டி வாங்கி, ஓட்டைப் பிளந்து உள்ளே இறக்கினேன். மீன் அருகே வரும். ஒரு பக்கமாகச் சாய்ந்து பார்க்கும். விலகிப் போகும். பிறகு தொட்டியின் மூலையில் இருந்த வெற்றுப் பாறையை ஓயாமல் கொத்தும். அதில் ஒன்றும் இல்லை. ஆனாலும் கொத்தும். பன்னிரண்டாம் நாள் அதன் முதுகு கத்திமுனைபோல ஆகியிருந்தது. தலைக்குப் பின்னால் ஒரு குழி விழுந்திருந்தது. நிறம் மட்டும் வாங்கிய அன்று போலவே இருந்தது. வீட்டுக்கு வந்தவர்கள் எல்லாரும் அதன் முன்னால் நின்று “எவ்வளவு அழகு” என்று சொல்லிக்கொண்டிருந்தார்கள்.

வாங்குவதற்கு முன் செய்திருக்க வேண்டிய வேலையை அன்றிரவு செய்தேன். உட்கார்ந்து படித்தேன். கீட்டோடான் என்றால் கிரேக்கத்தில் ‘மயிர்ப்பல்’ என்று பொருள். தூரிகைபோன்ற நுண்பற்கள் கொண்ட சின்னஞ்சிறு வாய். அந்த வாய் உயிருள்ள பவளத்தின் தசையைக் கொத்தித் தின்பதற்கென்றே அமைந்தது. இந்தக் குடும்பத்தில் எதையும் தின்று பிழைக்கும் இனங்கள் உண்டு. புழு, பாசி, இறால் என்று கிடைத்ததை ஏற்றுக்கொள்பவை. மெலன் அப்படியல்ல. அதன் உணவு ஏறக்குறைய முழுவதும் உயிர்ப்பவளம்தான். தொட்டிக்கு வந்தவற்றில் பெரும்பாலானவை பட்டினியில் சாகின்றன. மீன் வளர்ப்போருக்கான நூல்கள் இதைப் பல காலமாக எச்சரித்து வருகின்றன. உயிர்ப்பவளத்தை வாங்கிப் போடலாம் என்றால், இந்தியாவில் கற்பவளங்கள் 2001 முதல் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில், புலியோடு சேர்த்து வைக்கப்பட்டிருக்கின்றன.

நான் பிறந்தது தூத்துக்குடியில். மன்னார் வளைகுடாவின் பவளப்பாறைகளை வெட்டி எடுத்துச் சுண்ணாம்புக்கும் வீடு கட்டவும் பயன்படுத்திய ஊர். எங்கள் பழைய வீட்டின் பின்சுவரில் பூச்சு உதிர்ந்த இடத்தில், தேன்கூடுபோல் ஓட்டை ஓட்டையாகக் கல் தெரியும். சிறுவயதில் அந்த ஓட்டைகளில் விரல் வைத்து விளையாடியிருக்கிறேன். ஒவ்வோர் ஓட்டையிலும் ஓர் உயிர் இருந்தது என்று அப்போது எனக்குத் தெரியாது. அந்த இரவு தெரிந்தது. என் மீனின் சோறு என் பிறந்தவீட்டுச் சுவரில் இருந்தது.

இந்த நாட்களுக்கு நடுவில் ஒரு மதியம், முதுகலை இரண்டாமாண்டு மாணவி ஒருத்தி துறை அறைக்கு வந்தாள். கல்யாணம் நிச்சயம் செய்துவிட்டார்கள், எனக்கு இஷ்டமில்லை, படிப்பை முடிக்க விடுவார்களா தெரியவில்லை என்றாள். என் முன்னால் திருத்த வேண்டிய தாள்கள் இருந்தன. மனம் முழுக்க அந்த மீன் இருந்தது. நான் அவள் கையைப் பிடித்துக்கொண்டு, மிகவும் அன்பாகச் சொன்னேன்: “பயப்படாதம்மா. போகப் போகப் பழகிடும்.”

பத்தொன்பதாம் நாள் காலை மீன் பாறைக்கும் கண்ணாடிக்கும் இடையில் செருகிக் கிடந்தது. சல்லடை வலையால் எடுத்தேன். கையில் எடையே இல்லை. அப்போதுதான் அந்தச் சொல் கடைக்காரப் பையனின் குரலிலும் என் குரலிலும் ஒன்றாகக் கேட்டது.

*

எனக்கும் அந்தச் சொல் சொல்லப்பட்டிருக்கிறது.

காதல் திருமணம். பிறந்தவீட்டில் செவ்வாய், வெள்ளி தவிர மீனில்லாத நாள் கிடையாது. புகுந்தவீடு கும்பகோணத்துப் பக்கம், சுத்த சைவம். என் அத்தை, கணவரின் அம்மா, கெட்டவர் அல்லர். என்னைத் தாங்கினார். தலைக்கு எண்ணெய் தேய்த்துவிட்டார். இலையில் முதல் கரண்டி நெய்யை எனக்கே ஊற்றினார். ஆறு மாதம் நான் சரியாகச் சாப்பிடவில்லை. சோற்றைப் பிசைந்துகொண்டே இருப்பேன். “பாவம், புது இடம். பழகிடும்” என்று அக்கம்பக்கத்தில் சொல்வார். உனக்கு என்ன பிடிக்கும் என்று அந்த வீட்டில் யாரும் கேட்கவில்லை. கேட்டால் பதில் தெரிந்துவிடும் என்பதால்கூட இருக்கலாம்.

பழகியது. ஐந்தாம் ஆண்டு தூத்துக்குடிக்குப் போனபோது அம்மா எனக்காகச் சாளைக் குழம்பு வைத்து, விளமீன் பொரித்து வைத்திருந்தார். வாசற்படி ஏறும்போதே எனக்கு வாடை அடித்தது. மூக்கைச் சுளித்துவிட்டேன். அம்மா ஒன்றும் சொல்லாமல் தட்டை எடுத்துக்கொண்டு அடுக்களைக்குள் போனார். திரும்பி வரும்போது தயிர் இருந்தது. “பழகிட்ட” என்றார். பாராட்டா, துக்கமா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. புகுந்தவீட்டில் அது பாராட்டாகத்தான் சொல்லப்பட்டது. எங்கள் மருமகள் மீன் வாடையே தாங்க மாட்டாள் என்று அத்தை பெருமையாகச் சொல்லிக்கொள்வார்.

கேள்வி இதுதான்: நான் சம்மதித்தேனா, பழகினேனா? மீன் வேண்டாம் என்பது இன்று என் விருப்பம்தான். யாரும் என்னைத் தடுக்கவில்லை. தனி வீடு, என் சமையலறை, என் சம்பளம். ஆனால் அந்த விருப்பம் எங்கே விளைந்தது?

பொருளியல் அறிஞர் அமர்த்திய சென் இந்தக் கேள்வியைப் பெரிய அளவில் கேட்டவர். அவர் எடுத்துக்காட்டும் ஒரு கணக்கெடுப்பு உண்டு. வங்கப் பஞ்சத்திற்கு அடுத்த ஆண்டு, 1944-இல், கல்கத்தாவுக்கு அருகே சிங்கூரில் எடுத்தது. மனைவியை இழந்த ஆண்களில் 48.5 விழுக்காட்டினர் தங்கள் உடல்நலம் மோசம் அல்லது சுமார் என்றார்கள். கணவனை இழந்த பெண்களில் அப்படிச் சொன்னவர்கள் 2.5 விழுக்காடு. பஞ்சம் தின்று முடித்த ஊரில், கைம்பெண்கள் அந்த ஆண்களைவிட நலமாக இருந்தார்கள் என்று நம்ப முடியுமா? தங்கள் உடம்பைப் பற்றிக் குறை சொல்லலாம் என்ற எண்ணமே அவர்களிடமிருந்து போயிருந்தது. இல்லாமையில் நெடுங்காலம் வாழ்பவர்கள் தங்கள் ஆசைகளைக் கிடைப்பதன் அளவுக்குக் குறைத்துக்கொள்கிறார்கள், ஆகவே ‘திருப்தியா?’ என்று கேட்டுப் பெறும் பதிலைக்கொண்டு நியாயத்தை அளக்க முடியாது என்கிறார் சென்.

தமிழ் கற்பிக்கிறவள் என்பதால் எனக்கு இது இலக்கணமாகவும் தெரிகிறது. பழகு என்பது தன்வினை. பழக்கு என்பது பிறவினை. யானை பழகுகிறது, பாகன் பழக்குகிறான். யானையைப் பழக்க என்னவெல்லாம் செய்ய வேண்டும் என்று நமக்குத் தெரியும்: சங்கிலி, அங்குசம், பட்டினி. ‘பழகிடும்’ என்று சொல்லும்போது பாகன் வாக்கியத்திலிருந்து மறைந்துவிடுகிறான். யானை தானாகவே, காலப்போக்கில், மழை பெய்வதுபோல, பழகிவிடுகிறது. பிறவினையில் சொல்ல வேண்டியதைத் தன்வினையில் சொல்லிப் பழகிய மொழி நம் குடும்பங்களின் மொழி.

இன்னொன்றும் இருக்கிறது. தமிழில் பழகுவது என்றால் நட்பாக இருப்பதும்தான். “அவளோடு பழகிப் பார், நல்லவள்” என்கிறோம். அந்தப் பழக்கத்துக்கு இரண்டு பேர் வேண்டும். இருவரும் கொஞ்சம் மாற வேண்டும். அத்தையின் வீட்டுக்கு நான் பழகினேன்; அந்த வீடு என்னோடு பழகியதா? மீன் தொட்டிக்குப் பழக வேண்டும் என்று எதிர்பார்த்தேன். நான் மீனோடு பழகினேனா? பத்தொன்பது நாளும் நான் அதைப் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். பார்ப்பது பழகுவது ஆகாது.

*

இந்த இடத்தில் என் கை கவிதைக்குப் போகிறது. தொட்டி ஒரு வீடு, மீன் ஒரு பெண், கண்ணாடிக்கு வெளியே ஆண்கள். இப்படிப்பட்ட கவிதைகளை நான் எழுதியிருக்கிறேன். கூண்டு, கிளி, கயிறு, பொம்மை என்று என் முதல் தொகுப்பில் பாதி அதுதான். என் மாணவிகளும் எழுதிக் கொண்டுவருகிறார்கள். தமிழும் இதற்கு வாகாகத்தான் இருக்கிறது. பெண்ணின் கண்ணை மீன் என்று எத்தனை நூற்றாண்டுகளாகச் சொல்லிவருகிறோம். கயல்விழி, மீனாட்சி, அங்கயற்கண்ணி என்று பெண்களுக்குப் பெயரே வைக்கிறோம்.

அந்தக் கவிதையை நான் எழுதவில்லை. இரண்டு காரணங்கள்.

முதலாவது, அது பொய். கயல் என்று நாம் சொல்லும் மீனுக்குக் கண்தான் அழகு. இந்த மீனோ தன் கண்ணைக் கறுப்புப் பட்டைக்குள் மறைத்துவைத்திருக்கிறது. வேட்டையாட வருகிற மீன்களுக்குக் கண் எங்கே, தலை எங்கே என்று தெரியாமலிருக்க இது உதவும் என்று ஆய்வாளர்கள் பலர் கருதுகிறார்கள். இதன் அழகு நமக்கானது அல்ல. நாம் பார்ப்போம் என்று அது உடுத்திக்கொள்ளவில்லை. கடலில் அது பெரும்பாலும் இணையாகவே திரியும். இரண்டும் சேர்ந்து தங்கள் பவளத் தோட்டத்தைக் காக்கும். எனக்கு விற்கப்பட்டது ஒற்றை மீன். அதன் இணை எந்தப் பையில், எந்த விமானத்தில் போயிற்றோ. இவ்வளவும் உள்ள ஓர் உயிரை என் துயரத்தின் உவமையாக்கிவிட்டால், அதை இரண்டாம் முறையும் ஒரு தொட்டிக்குள் போட்டவள் ஆவேன். பெண்ணால் பேச முடியும், சண்டை போட முடியும், கிளம்பிப் போக முடியும், ஐந்து ஆண்டுகளில் தயிர்ச்சோற்றை விரும்பவும் முடியும். இந்த மீனால் அது எதுவும் முடியாது.

இரண்டாவது காரணம் சொல்லக் கடினமானது. இந்தக் கதையில் நான் மருமகள் அல்ல. மாமியார். நெய் ஊற்றியவள் நான். தினமும் உப்பின் அளவைப் பார்த்து, விளக்கை நேரத்துக்குப் போட்டு, வாரம் ஒருமுறை ஆர்.ஓ. தண்ணீரில் உப்பு கலந்து சுமந்தவள் நான். அக்கறைக்குக் குறைவே இல்லை. ஆனால் என் அக்கறை முழுவதும் தொட்டியின் மேல் இருந்தது. பெண்கள் பாதிக்கப்பட்டவர்களாக மட்டுமே தோன்றும் கட்டுரைகளை நாம் நிறைய எழுதிவிட்டோம். ஒரு சாவி, ஒரு சம்பளம், ஒரு நாற்காலி கைக்கு வந்ததும் நாம் என்னவாகிறோம் என்பதையும் எழுத வேண்டும்.

தொட்டிக்கே இப்படி ஒரு வரலாறு உண்டு. கடலுயிர்களைக் கண்ணாடிக்குள் வைத்துப் பார்க்க வழி கண்டவர்களில் முன்வரிசையில் பெண்கள் இருக்கிறார்கள். பாரிஸில் உடை தைத்துப் பிழைத்த ழான் வில்ப்ரூ பவர், சிசிலித் தீவில் குடியேறி, 1832-இல் கண்ணாடித் தொட்டிகள் செய்து, ஆர்கனாட் என்ற உயிர் தன் ஓட்டைத் தானே கட்டிக்கொள்கிறது என்று நிறுவினார். 1846-இல் ஆனா தின் என்ற ஆங்கிலேயப் பெண்மணி டார்க்கீ கடற்கரையிலிருந்து கற்பவளங்களை லண்டனுக்குக் கொண்டுவந்து வீட்டில் உயிரோடு வளர்த்தார். தண்ணீரில் காற்று கலக்க வேண்டும். மோட்டார் இல்லாத காலம். திறந்த சன்னலருகே நின்று, ஒரு பாத்திரத்திலிருந்து இன்னொன்றுக்கு, முக்கால் மணிநேரம் வரை, மாற்றி மாற்றி ஊற்ற வேண்டும். ஊற்றியவள் வேலைக்காரச் சிறுமி. களைப்பூட்டும் வேலைதான், ஆனால் அவளுக்கு அது விளையாட்டாக இருந்தது என்ற கருத்தில் ஆனா தின் எழுதிவைத்திருக்கிறார். அந்தச் சிறுமியின் பெயர் அதில் இல்லை.

நான் இருவரையும் விட்டுக்கொடுக்க மாட்டேன். ஆனா தின்னின் அறிவார்வம் உண்மையானது. பல்கலைக்கழகக் கதவு பெண்களுக்கு மூடியிருந்த காலத்தில், வீட்டுக்கூடத்தையே ஆய்வுக்கூடமாக்கியவர் அவர். அந்தச் சிறுமியின் தோள்வலியும் உண்மையானது. அவளுக்கு அது விளையாட்டாக இருந்தது என்று சொன்னவர் அவளல்ல என்பது மட்டும் நினைவில் இருக்கட்டும். அவளும் பழகிவிட்டாள் என்றே சொல்லப்பட்டிருக்கிறாள்.

*

இனி ‘ரேர்’ என்ற சொல்லுக்கு வருகிறேன்.

மெலன் கடலில் அரிய மீன் அல்ல. ஆப்பிரிக்கக் கிழக்குக் கரையிலிருந்து மாலத்தீவு, இலங்கை, இந்தோனேசியா வரை, பவளம் செழித்த ஆழம் குறைந்த நீரில் அது இயல்பாகக் காணப்படும். கடையில்தான் அது அரிது. விவரம் தெரிந்த வியாபாரிகள், சாகும் சரக்கு என்று வரவழைப்பதில்லை. வளர்க்க முடியாததால் வருவதில்லை, வராததால் அரிது, அரிது என்பதால் என்னைப் போன்றவள் வாங்குகிறாள். அதன் சாவுதான் அதன் விலை.

தமிழில் அருமை என்ற சொல்லுக்கு மூன்று பொருள்களும் சேர்ந்தே இருக்கின்றன: எளிதில் கிடைக்காமை, கடினம், மேன்மை. அரிது என்றால் கிடைப்பது கடினம் என்பதோடு, செய்வது கடினம் என்றும் பொருள். எளிதின் எதிர்ச்சொல் அது. கடைத்தெரு இந்தச் சொல்லின் ஒரு பாதியை மட்டும் எடுத்துக்கொண்டது. அரியதைக் கண்டால் அடைய வேண்டும் என்கிறது. மற்றப் பாதி சொல்வது வேறு: இது கடினம், உன்னால் இயலுமா என்று முதலில் பார்.

இந்தக் குடும்பத்தில் உண்மையிலேயே மனிதர் கண்ணில் அதிகம் படாத மீன்களும் உண்டு. பிலிப்பைன்சின் வெர்டே தீவுக் கால்வாயில், சுமார் 100 மீட்டர் ஆழத்தில், சூரிய ஒளி மங்கும் இடத்தில் வாழும் ஒரு வண்ணத்துப்பூச்சி மீனுக்குக் கலிஃபோர்னியா அறிவியல் கழகத்தின் ஆய்வாளர்கள் 2017-இல் பெயர் வைத்தார்கள். அவ்வளவு ஆழத்திலிருந்து சட்டென்று மேலே கொண்டுவந்தால் மீனின் காற்றுப்பை உப்பி அது செத்துவிடும். அழுத்தத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்துக் கொண்டுவர வேண்டும். அப்படி உயிரோடு கொண்டுவந்து தொட்டியில் வைத்த பிறகே, துடுப்பு முள் ஒன்று கறுப்பாக இருப்பதைப் பார்த்து, இது வேறு இனம் என்று உணர்ந்தார்கள். ஆக, தொட்டி அறிவுக்கும் உதவுகிறது. அந்த மீனுக்கு வைத்த பெயர் ரோவா ரம்ஸ்ஃபெல்டி. ஈராக் பயங்கரவாதிகளுக்குப் பேரழிவு ஆயுதங்களைக் கொடுக்க முயன்றதற்குச் சான்று உண்டா என்ற கேள்விக்கு, ‘நமக்குத் தெரியாது என்று தெரிந்தவை’ உண்டு என 2002-இல் பதில் சொன்ன அமெரிக்கப் பாதுகாப்பு அமைச்சர் டொனால்ட் ரம்ஸ்ஃபெல்டின் நினைவாக. நூறு மீட்டர் ஆழத்தில் யாருக்கும் தொந்தரவில்லாமல் இருந்த மீன், ஒரு போரைத் தொடங்கியவர்களில் ஒருவரின் பெயரோடு மேலே வந்தது. புகுந்தவீட்டில் பெயர் மாற்றப்பட்ட பெண்கள் இதை வாசித்துச் சிரிக்கலாம். மீனுக்கு அது தெரியாது என்பதே ஆறுதல்.

கடல் சூடாகிப் பவளம் வெளிறிச் சாகும்போது, பவளத்தை மட்டுமே தின்னும் வண்ணத்துப்பூச்சி மீன்கள்தான் முதலில் குறைகின்றன. பாறையின் உடல்நலத்தை அறிய இவற்றை எண்ணிப் பார்க்கும் ஆய்வாளர்கள் உண்டு. 1998-இலும் 2016-இலும் இந்தியப் பெருங்கடலில் பெரும் வெளிறல்கள் நடந்தன. கடைக்காரப் பையன் சொன்ன ‘ரேர்’ ஒருநாள் கடலிலும் உண்மையாகலாம். அரிதாகிக்கொண்டிருப்பது அதற்குத் தேவையான உலகம்.

*

அப்படியானால் யாரும் மீனே வளர்க்கக் கூடாதா என்று என் மகள் கேட்டாள். நியாயமான கேள்வி. தொட்டியின் முன் நின்றுதான் பலர் கடலை முதன்முதலாக நேசிக்கிறார்கள். பிடித்து விற்கும் கடற்கரைக் குடும்பங்களுக்கு அது அடுப்பெரியும் வழி. சயனைடு தெளித்து மயக்கிப் பிடிக்கிறவர்களும் உண்டு, கைவலையால் நிதானமாகப் பிடிக்கிறவர்களும் உண்டு. மண்டபத்தில் மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்தில் கோமாளி மீன்களைக் குஞ்சு பொரிக்கவைத்து வளர்க்கிறார்கள். முட்டையிலிருந்தே தொட்டியில் வளர்ந்த மீனுக்குத் தொட்டியின் தீனி அந்நியம் அல்ல. என் வீட்டுத் தொட்டியில் இப்போது இரண்டு கோமாளி மீன்கள் இருக்கின்றன. போட்டதும் ஓடிவந்து சாப்பிடுகின்றன. நான் தொட்டியை விற்கவில்லை. குற்றவுணர்ச்சிக்காக ஆசையைக் கைவிடுவது பெண்களுக்கு மிக எளிதாக வரும் தவம். அதில் எனக்கு நம்பிக்கை இல்லை.

ஆனால் ஒன்றை ஒப்புக்கொள்கிறேன். சில உயிர்களிடம் நாம் காட்டக்கூடிய ஒரே அன்பு, “என்னால் உன்னை வைத்துக்கொள்ள முடியாது” என்று சொல்வது. அன்பு இருந்தால் எல்லாம் சரியாகிவிடும் என்று நம் குடும்பங்கள் நம்புகின்றன. அத்தையிடம் அன்பு இருந்தது. என்னிடமும் இருந்தது. அதற்கு முன்னால் வர வேண்டிய ஒரு கேள்வி எங்கள் இருவரிடமும் இல்லை. உயிரோடிருக்க உனக்கு என்ன வேண்டும்? இதைக் கேட்டுவிட்டு, பதிலைக் கேட்டுவிட்டு, அது நம்மிடம் இல்லையென்றால் அழைக்காமல் இருக்க வேண்டும். ஒருவரைப் பார்த்ததும் நாம் முதலில் கேட்பது “சாப்பிட்டாச்சா?” உலகத்திலேயே அன்பான முகமன் இதுதான் என்று வகுப்பில் பெருமையாகச் சொல்லியிருக்கிறேன். இப்போது அதில் ஒரு குறை தெரிகிறது. சாப்பிட்டாயா என்பது, நாம் வைத்ததைச் சாப்பிட்டாயா என்ற கேள்வி.

*

அந்த மாணவியின் கல்யாணத்துக்கு நான் போகவில்லை. மீன் செத்த அன்று அவள் எண்ணுக்கு அழைத்தேன். இணைப்பு இல்லை என்றது. இறுதிப் பருவத் தேர்வுக்கு அவள் வரவில்லை. மறு ஆண்டு மார்ச்சில், மதிப்பெண் சான்றிதழ் வாங்க வந்தவள் துறை வாசலில் நின்றாள். கழுத்தெலும்பு தெரிந்தது. நான் பார்த்த ஒரு குழி நினைவுக்கு வந்தது.

“வாம்மா. சாப்பிட்டியா?”

“சாப்பிட்டேம்மா.”

தமிழ்த்துறையில் மாணவிகள் எங்களை அம்மா என்றுதான் அழைப்பார்கள். நாற்காலியை இழுத்துப் போட்டேன். தாள்களை ஓரமாக வைத்தேன்.

“அங்க என்னம்மா சாப்பிடுற?”

அவளுக்குக் கேள்வி விளங்கவில்லை. பிறகு சிரித்தாள். “அவங்க வீட்ல காரமே சேர்க்க மாட்டாங்கம்மா. எல்லாத்துலயும் சர்க்கரை போடுவாங்க. ரசத்துலகூட.” சிரித்து முடித்தவள் அழுதாள். அழுது முடித்து முகத்தைத் துடைத்துக்கொண்டு, விட்டுப்போன தாள்களை எப்போது எழுதலாம், பி.எட். விண்ணப்பம் எப்போது வரும் என்று கேட்டாள். இருவரும் என் கைபேசியில் தேதிகளைத் தேடினோம். கட்டணம் எவ்வளவு, யாரிடம் கையெழுத்து வாங்க வேண்டும், வீட்டில் என்ன சொல்லிவிட்டு வருவாள் என்று ஒரு தாளில் எழுதினோம். அவள் அதை நான்காக மடித்துக் கைப்பைக்குள் வைத்துக்கொண்டாள்.

கிளம்பும்போது, “அன்னிக்கு நான் உன்கிட்ட சொன்னது தப்பும்மா” என்றேன்.

எது என்று அவள் கேட்கவில்லை.